முதல் தோட்டாவுக்கு முன்னால்

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தேசிய மாணவர் படை மாணவர்கள், துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஆர்வமுள்ளோர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி. அதற்கு லேசர் போர்சைட்டர் என்று பெயர். ரைபிளின் குழல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை ஓர் ஒளிப்புள்ளியாக எதிரே உள்ள பலகையில் காட்டிவிடும். அதை வைத்துக் குறியை எப்படிச் சரிசெய்வது? அது எதுவரைக்கும் உதவும்? எந்த இடத்தில் கையை விரித்துவிடும்? இவற்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சுற்றிச் சுற்றி எங்கே போனாலும் ஒரே ஓர் இடத்துக்குத்தான் திரும்பி வருவேன்: குழல் எங்கே பார்க்கிறது என்று தெரியாத ரைபிளில் ஒரு தோட்டாகூட ஏறக் கூடாது.

முதலில் நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். திண்டிவனத்திலிருந்து வடக்கே பேருந்து ஏறினால் வந்தவாசி. 1760 ஜனவரி 22-ஆம் நாள் அங்கே ஆங்கிலேயர் படைக்கு அயர் கூட்டும், பிரெஞ்சுப் படைக்கு லாலியும் தலைமை தாங்கி மோதினார்கள். தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆட்சிக் கனவு அன்று உடைந்தது. அடுத்த ஆண்டு நம் செஞ்சிக் கோட்டையும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். அந்தப் போரில் சிப்பாய்கள் தோளில் வைத்துச் சுட்டார்களே, அந்தத் துப்பாக்கி எப்படிப்பட்டது?

அது மஸ்கட். குழலின் உட்புறம் வழவழவென்று இருக்கும். குழலின் அகலத்தைவிடச் சற்றுச் சின்னதான ஈய உருண்டையை வாய்ப்பக்கமாகப் போட்டுக் கெட்டிப்பார்கள். சுட்டதும் அந்த உருண்டை குழலின் சுவரில் இங்கும் அங்கும் இடித்துக்கொண்டு வெளியே வரும். கடைசியில் எந்தப் பக்கம் இடித்ததோ அதற்கேற்ற திசையில் போகும். நூறு அடியில் நிற்கிறவனைச் சுடலாம், நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கிறவனைச் சுட்டால் படுவதும் படாததும் அவன் தலையெழுத்து. அதனால்தான் வரிசையாக நின்று, மொத்தமாகச் சுட்டார்கள். குறி பார்ப்பதற்கென்று பின்சைட் ஒன்று அந்தத் துப்பாக்கியில் கிடையாது. இருந்திருந்தாலும் பயனில்லை.

ரைபிள் வந்தது, கதை மாறியது. எதனால் மாறியது? குழலின் உட்சுவரில் திருகாணி மரை போலச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்களால் மாறியது. குண்டு அந்த வரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். நீங்கள் பயிற்சியில் கையாளும் .22 ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகைக் குழல்களில் வரி, 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்ற கணக்கில் ஓடுவது வழக்கம். குண்டு நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், நொடிக்கு எண்ணூறு சுற்று! அந்தச் சுழற்சிதான் குண்டைப் புரளாமல் காக்கிறது. அதே ரைபிள், அதே தோட்டா, அதே பிடி என்றால் குண்டும் அதே இடத்துக்குப் போகும். மஸ்கட் காலத்தில் குறி பார்ப்பதே வீண் வேலை. ரைபிள் காலத்தில் குறியைச் சரிசெய்யாமல் சுடுவதுதான் வீண் வேலை.

சரி, குறியைச் சரிசெய்வது என்றால் என்ன?

ஒவ்வொரு ரைபிளிலும் இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்று குழலின் கோடு. இன்னொன்று கண்ணின் கோடு, அதாவது சைட் வழியாகவோ டெலஸ்கோப் வழியாகவோ நீங்கள் பார்க்கும் பார்வைக் கோடு. டெலஸ்கோப் குழலுக்கு மேலே நாலு சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கோடுகளும் ஒன்றல்ல, ஒன்றாக ஆகவும் முடியாது. நாம் விரும்பும் தூரத்தில் குண்டின் பாதையும் பார்வைக் கோடும் சந்திக்கும்படி செய்வதற்குப் பெயர்தான் குறி சரிசெய்தல். ஃபயரிங் ரேஞ்சில் ஜீரோ செய்வது என்பார்கள்.

டெலஸ்கோப்பைப் புதிதாக மாட்டியிருக்கிறீர்கள். அல்லது கழற்றித் துடைத்து மாட்டியிருக்கிறீர்கள். அல்லது ஜீப்பில் போட்டு மேடுபள்ளத்தில் கொண்டு வந்திருக்கிறீர்கள். அந்த நிலையில் இரண்டு கோடுகளுக்கும் ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். ஒரு டிகிரிதானே என்று தோன்றும். 25 மீட்டரில் அது 44 சென்டிமீட்டர்! குறித்தாளையே தாண்டிவிடும். குண்டு மேலே போயிற்றா, கீழே போயிற்றா, வலமா, இடமா? தெரியாது. தெரியாததால் இன்னொன்று சுடுவார்கள். அதுவும் தெரியாது. இன்னொன்று சுடுவார்கள். தோட்டா வீணாவதைக்கூட விடுங்கள். போன இடம் தெரியாத ஒவ்வொரு குண்டும் எங்கோ ஓரிடத்துக்குப் போயிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பழைய ஆட்களிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. போல்ட்டை முழுவதும் உருவி எடுத்துவிடுவார்கள். ரைபிளை மணல் மூட்டைகளுக்கு நடுவே அசையாமல் பதிப்பார்கள். பின்பக்கத்திலிருந்து வெறும் குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். எதிர்முனையில் வட்டமாக வெளிச்சம் தெரியும். அந்த வட்டத்தின் நட்டநடுவில் பலகையின் கரும்புள்ளி வரும்வரை மூட்டையைத் தட்டித் தட்டி நகர்த்துவார்கள். பிறகு, ரைபிளைத் தொடாமல், தலையை மட்டும் உயர்த்தி டெலஸ்கோப்பில் பார்த்து, குறுக்குக் கோட்டை அதே கரும்புள்ளிக்குக் கொண்டு வருவார்கள். பொன்னான முறை. காசு செலவில்லாத முறை. கற்றுக்கொள்கிற ஒவ்வொருவரும் முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குழலுக்குள் ஒருமுறை கண்ணால் பார்த்தவனுக்கு இரண்டு கோடுகளின் கணக்கு ஆயுளுக்கும் மறக்காது.

ஆனால் எல்லா ரைபிளிலும் போல்ட்டைப் பின்பக்கமாக உருவி, குழலை நேராகப் பார்க்க முடியாது. பல வகைகளில் பின்புறம் அடைபட்டிருக்கும். அங்கேதான் லேசர் வருகிறது.

இது மூன்று உருவங்களில் கிடைக்கிறது. தோட்டா வடிவத்தில் ஒன்று. அதைத் தோட்டா உட்காரும் அறையிலேயே வைத்தால் ஒளி குழல் வழியே ஓடி வெளியே வரும். இரண்டாவது, குச்சி போன்றது. குழலின் வாய்ப்பக்கம் செருக வேண்டும். மூன்றாவது, காந்தத்தால் குழலின் முகத்தில் ஒட்டிக்கொள்வது. உள்ளே பொத்தான் போன்ற சின்ன பேட்டரிகள். ஒளி சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும். நம் கண் பச்சையை மிகக் கூர்மையாக உணரும், அதனால் பகலில் பச்சைப் புள்ளி சற்றுக் கூடுதல் தூரம் தெரியும். சிவப்பு என்றால் விழுப்புரத்து வெயிலில், காலை பதினொரு மணிக்கு, இருபது மீட்டரில்கூடப் புள்ளியைத் தேட வேண்டியிருக்கும். பொழுது விடியும் நேரத்திலோ, நீளமான தாழ்வாரத்திலோ இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். ஃபயரிங் ரேஞ்சில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன செய்வோம்? மேகசினைக் கழற்றுவோம். போல்ட்டைத் திறப்போம். தோட்டா அறையைக் கண்ணால் பார்ப்போம், பிறகு சுண்டு விரலை விட்டுத் தடவியும் பார்ப்போம். கூட நிற்கும் இன்னொருவரும் அதையே செய்து, ‘காலி’ என்று வாய்விட்டுச் சொல்வார். எல்லாத் தோட்டாக்களும் பத்தடி தள்ளி, பெட்டிக்குள், மூடியபடி. இவை எல்லாவற்றையும் முடிக்காமல் லேசரைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது.

அடுத்து டெலஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகுகள். குறி நிற்கவில்லை என்று வருகிற ரைபிளில் நான் முதலில் கை வைப்பது அந்தத் திருகுகளில்தான். திருகு தளர்ந்திருக்க, லேசரை வைத்து நாள் முழுக்கக் குறியைத் திருத்தினாலும் முதல் உதையிலேயே எல்லாம் போய்விடும்.

திருகு கெட்டி. ரைபிள் மணல் மூட்டையில் அசையாமல் இருக்கிறது. லேசரைப் பொருத்துகிறோம். 25 மீட்டர் தள்ளிப் பலகையில் ஒரு வெள்ளைத்தாள். அதில் ஒரு புள்ளி தெரிகிறது. உடனே டெலஸ்கோப்பின் திருகைத் திருப்பத் தொடங்கலாமா? கூடாது. இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். லேசரை அதன் இடத்திலேயே வைத்து, மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுழற்றிப் பாருங்கள். பயிற்சியில் ஒரு மாணவி தாளருகே நின்று பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள்: “ஐயா, புள்ளி ஒரே எடத்துல நிக்கல, வட்டமா சுத்துது!” சுழலட்டும் அம்மா, சுழலும்போது நாலு இடத்தில் பென்சிலால் குறி என்றேன். குறித்தாள். நாலு குறிகள். அந்த நாலையும் எதிரெதிராக இரண்டு கோடுகளால் இணைத்தால் அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் குழல் உண்மையில் பார்க்கிற இடம். லேசர் அதன் உறைக்குள் இம்மி கோணலாக உட்கார்ந்திருந்தால் புள்ளி இப்படி வட்டமடிக்கும். விலை குறைந்த கருவிகள் பலவும் இப்படித்தான். அதற்காகக் கருவியைத் தூக்கி எறிய வேண்டாம், வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடித்தால் போதும்.

மையம் கிடைத்துவிட்டது. அதில் ஒரு கருப்பு வட்டம் ஒட்டுகிறோம். இனி ரைபிள் நகரவே கூடாது. டெலஸ்கோப்பில் பார்க்கிறோம். குறுக்குக் கோடு எங்கேயோ இடப்பக்கம் நிற்கிறது. மேல்திருகு உயரத்துக்கு, பக்கத்திருகு இடவலத்துக்கு. ஒவ்வொரு திருப்பலுக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதுதான் ஒரு கிளிக். பல டெலஸ்கோப்புகளில் ஒரு கிளிக் என்பது ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கில் கால்வாசி. நூறு மீட்டரில் அது ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 25 மீட்டரில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே கிட்டத்தில் நிறைய கிளிக் திருப்ப வேண்டும், பயப்படாதீர்கள். குறுக்குக் கோடு கருப்பு வட்டத்தில் வந்து உட்காரும்வரை திருப்புங்கள்.

டெலஸ்கோப் இல்லாத, இரும்புச் சைட் வைத்த ரைபிள்தானே மாணவர் படையில் எங்களுக்குத் தருகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிலும் இதே கணக்குதான். ஒரு விதியை மட்டும் மனத்தில் வையுங்கள்: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்சைட்டை நகர்த்த வேண்டும், முன்சைட் என்றால் எதிர்ப்பக்கம். அந்தச் சைட்டைத் தொடுவது உங்கள் வேலை அல்ல, ஆயுதப் பராமரிப்பாளரின் வேலை. ஆனால் எது கோணல் என்று அவரிடம் சரியாகச் சொல்வது உங்கள் வேலை.

இனி இரண்டு எச்சரிக்கைகள். இதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் சற்று உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேசர் ஒளி கண்ணுக்குப் பகை. இந்தக் கருவிகளின் திறன் பெரும்பாலும் 5 மில்லிவாட்டுக்குக் கீழே என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அது ஒரு டார்ச் விளக்கைவிடக் குறைவுதானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே புள்ளியில் குவிந்த ஒளி அது. நேராகக் கண்ணில் பட்டால் விழித்திரையைப் புண்ணாக்கக் கூடியது. தாளருகே நிற்பவர் ரைபிளைப் பார்க்கக் கூடாது, தாளைத்தான் பார்க்க வேண்டும். பளபளப்பான தகரம், கண்ணாடி எதுவும் அந்தக் கோட்டில் இருக்கக் கூடாது.

அடுத்தது இதைவிடப் பெரியது. வேலை முடிந்ததும் லேசரை வெளியே எடுத்தீர்களா? குழலின் வாயில் செருகிய கருவி உள்ளே இருக்கும்போது யாராவது சுட்டுவிட்டால் என்ன ஆகும்? குண்டுக்குப் பின்னாலிருக்கும் வாயு போக வழியில்லாமல் குழலைப் பிளக்கும். சுடுபவரின் முகம் அந்தக் குழலுக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது! வேண்டவே வேண்டாம். கருவியில் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு நாடா கட்டுங்கள், குழலுக்கு வெளியே தொங்கட்டும். பொறுப்பாளர் கருவியை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிய பிறகுதான் தோட்டாப் பெட்டி திறக்க வேண்டும். போல்ட்டை உருவ முடிகிற ரைபிள் என்றால், அதை உருவி, பின்பக்கத்திலிருந்து குழல் வழியே மறுபக்க வெளிச்சம் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, லேசரை எடுத்தாயிற்று. குறுக்குக் கோடும் குழலும் ஒரே புள்ளியைப் பார்க்கின்றன. இனி சுட்டால் அந்தப் புள்ளியிலேயே படுமா?

படாது! ஏன் படாது? ஒளி நேராகப் போகிறது. குண்டு விழுந்துகொண்டே போகிறது. குழலை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து பூமி அதைக் கீழே இழுக்கிறது. உங்கள் .22 குண்டு 25 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.08 நொடி எடுக்கிறது. அந்த இமைப்பொழுதில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு விழுந்துவிடுகிறது. 50 மீட்டரில்? நேரம் இரண்டு மடங்கு, வீழ்ச்சியோ நாலு மடங்கு, ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். இதோடு டெலஸ்கோப்பின் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 மீட்டரில் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொண்டன என்றால், 50 மீட்டரில் குழலின் கோடு பார்வைக் கோட்டுக்கு நாலு சென்டிமீட்டர் மேலே போயிருக்கும். குண்டு குழலின் கோட்டிலிருந்து 12 சென்டிமீட்டர் கீழே. ஆக, நீங்கள் குறிவைத்த இடத்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் கீழே படும். லேசர் பொய் சொன்னதா? இல்லை. குழல் எங்கே பார்க்கிறது என்று கேட்டோம், அதற்குப் பதில் சொன்னது. குண்டு எங்கே போகும் என்று நாம் அதனிடம் கேட்கவே இல்லை.

கொத்தனார் சுவர் எழுப்பும்போது முதலில் நூல் கட்டுகிறாரே, லேசர் அந்த நூல். செங்கல்லை வைத்துத்தான் சுவர் எழும்ப வேண்டும். செங்கல் எது? உண்மையான தோட்டா. லேசரில் ஒத்துப்பார்த்த பிறகு அதே 25 மீட்டரில் மூன்று தோட்டா சுடுங்கள். மூன்றையும் ஒரே இடத்தைக் குறிவைத்து, ஒரே மூச்சுக் கணக்கில், அவசரமில்லாமல். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால் அதைக் குரூப் என்கிறோம். குரூப்பின் மையம் குறியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்கிறதா? பதினாறோ பதினேழோ கிளிக் மேலே. மறுபடி மூன்று. அவ்வளவுதான், ஏழெட்டுத் தோட்டாவில் வேலை முடிந்துவிடும்.

மூன்று குண்டும் மூன்று மூலையில் போனால்? அப்போது திருகைத் தொடாதீர்கள். சிதறிய குரூப்புக்கு மையமே கிடையாது. டிரிகரை வெடுக்கென்று இழுக்கிறீர்களா, மூச்சை அடக்கும் நேரம் மாறுகிறதா, கன்னம் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் படுகிறதா என்று பாருங்கள். குழலைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தால் முதல் குண்டு சற்று விலகிப் போவதும் உண்டு. குழல் சூடேறினாலும் விலகும். இரும்பு சூட்டில் வளைவதை நம்ப முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியில், பீரங்கிக் குழல் சூட்டில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளந்து குறியைத் திருத்துவதற்கென்றே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அத்தனை கனமான குழலுக்கே அந்தக் கதி என்றால் நம் கையிலிருக்கும் மெல்லிய குழல் எம்மாத்திரம்?

அன்பு நெஞ்சங்களே, குறி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பதற்கும் பார்க்காமல் விடுவதற்கும் என்ன வித்தியாசம்? இதோ ஒரு நிகழ்ச்சி.

2008 ஆகஸ்ட் 11. பெய்ஜிங் ஒலிம்பிக். ஆண்கள் 10 மீட்டர் ஏர் ரைபிள். தகுதிச் சுற்றில் அபினவ் பிந்த்ரா 600-க்கு 596 எடுத்து நாலாவதாக இறுதிக்கு வந்திருந்தார். இறுதிச் சுற்று தொடங்கும் முன் மதிப்பெண் சேராத சரிபார்ப்புக் குண்டுகள் சுட அனுமதி உண்டு. பிந்த்ரா முதல் சரிபார்ப்புக் குண்டைச் சுட்டார். பத்துக்கு மேல் சுட்டுச் சுட்டுப் பழகிய மனிதர் அவர். திரையில் வந்ததோ நான்கு! தகுதிச் சுற்றில் சரியாக இருந்த ரைபிளின் குறி எங்கோ போயிருந்தது. இதைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கை நடுங்கியிருக்கும். யார் செய்தது, ஏன் செய்தார்கள் என்று மனம் ஓடியிருக்கும். அவர் சைட்டைத் திருப்பினார். மறுபடி சுட்டுப் பார்த்தார். திருப்பினார். நேரம் முடிவதற்குள் குறியைத் திரும்ப மையத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்.

பிறகு பத்துக் குண்டுகள். முதல் குண்டு 10.7. பத்தில் ஒன்றுகூடப் பத்துக்குக் கீழே போகவில்லை. கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் அவரும் சமம். ஹாக்கினன் 9.7 சுட்டார். பிந்த்ரா 10.8 சுட்டார். தகுதிச் சுற்றையும் சேர்த்து மொத்தம் 700.5. ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் கிடைத்த முதல் தங்கம்! அந்தத் தங்கத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? நான்கு என்று வந்ததும் சைட்டைத் தொட்ட அந்த விரல்கள் இருக்கின்றன. சரிபார்க்கும் நேரத்தை அவர் சடங்காகக் கழித்திருந்தால், அந்த நான்கு மதிப்பெண் கணக்கில் ஏறியிருக்கும்.

குறி சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்கு நாலாண்டு முன்பு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மாத்யூ எம்மன்ஸ் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் மூன்று புள்ளி முன்னிலையில் கடைசிக் குண்டுக்கு வந்தார். ரைபிளில் குறை இல்லை. குண்டு அருமையாகப் பட்டது, பக்கத்துத் தடத்துப் பலகையில்! மதிப்பெண் சுழியம். முதலிடத்திலிருந்து எட்டாமிடம். குழல் எங்கே பார்க்கிறது என்பதை லேசர் சொல்லும். எது உன் பலகை என்பதை நீதான் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாத உயரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1993 வரை விழுப்புரமும் திண்டிவனமும் கடலூரும் தென்னாற்காடு என்ற ஒரே மாவட்டம். அந்தக் கடலூரில் 1999-இல் பிறந்தவர் துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன். வளர்ந்தது குஜராத்தில். 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம், அதே ஆண்டு சீனாவின் புதியான் நகரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் தங்கம். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்குகள். அவர் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிள் பலகையின் பத்தாம் வளையம் எவ்வளவு பெரியது தெரியுமா? அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த ஒரு புள்ளி. டெலஸ்கோப் கிடையாது, லேசர் கிடையாது, துளைச்சைட் வழியே கண்ணால் பார்த்துச் சுட வேண்டும். போட்டிக்கு முன் தயாராகவும் சரிபார்க்கவும் 15 நிமிடம் தருகிறார்கள். உலகத்தின் தலைசிறந்த சுடுநர்கள், நேற்றுவரை சரியாக இருந்த தங்கள் ரைபிளை இன்று மறுபடி சரிபார்க்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவது விளையாட்டைத் தாண்டியது.

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே உள்ள ஃபயரிங் ரேஞ்சில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, குடிசை வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. நாலு நாள் உயிருக்குப் போராடி, 2022 ஜனவரி 3 அன்று அந்தப் பிள்ளை இறந்துவிட்டான். அந்தக் குண்டு ஏன் அப்படிப் போயிற்று என்று தீர்ப்புச் சொல்வது இந்த மேடையின் வேலை அல்ல. ஆனால் ஒன்றை நாம் நம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். பொம்மை போல இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கும் .22 குண்டும் தடையில்லாமல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். பலகைக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது, உண்மைதான். குறி தவறிய குழல் அந்த மேட்டுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தால்? நம் ஊர்ப்பக்கம் ஃபயரிங் ரேஞ்சைச் சுற்றி என்ன இருக்கிறது? கரும்பு, மணிலாக்கொட்டை, ஏரிக்கரை, ஆடு மேய்க்கிற ஆட்கள். ஒரு ரைபிளை லேசரில் ஒத்துப்பார்க்கக் கால் மணி நேரம் ஆகும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும்போது ‘ரைபிளை ஒத்துப்பார்த்தாயிற்றா சார்?’ என்று தயங்காமல் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். இந்த அறிவு ஃபயரிங் ரேஞ்சுக்கு மட்டும். காட்டுப்பன்றி, முயல், மயில் என்று யாராவது ஆசை காட்டினால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. .22 ரைபிள் வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமலே பழக வேண்டுமானால் 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிள் போதும். இளவேனிலும் பிந்த்ராவும் உலகை வென்றது அந்த 4.5 மில்லிமீட்டர் ரவையில்தான்.

ஃபயரிங் ரேஞ்சை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த அவையில் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கருவி இது. ரேஞ்சுக்கு ஒன்று வாங்கி, சிவப்பு நாடா கட்டி, ஆயுதப் பெட்டியிலேயே வையுங்கள். ஒவ்வொரு ரைபிளுக்கும் அதன் எண்ணைப் போட்டு ஒரு நோட்டு வையுங்கள். எந்தத் தேதியில் ஒத்துப்பார்த்தது, 25 மீட்டரில் முதல் மூன்று குண்டும் எங்கே பட்டன, எத்தனை கிளிக் திருப்பியது, யார் கையெழுத்து. மாணவர்களைக் கொண்டே எழுத வையுங்கள். அடுத்த பயிற்சி நாளன்று வரிசையில் முதலில் நிற்கும் மாணவன் படுத்துத் தோளில் ரைபிளை வைப்பதற்கு முன், அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் படுக்கட்டும். பக்கம் காலியாக இருந்தால், ரைபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து நிற்கட்டும். அவனை யாரும் திட்ட வேண்டாம்.